அடுப்படிப் பேச்சு: கொதிக்கும் எண்ணெயும் ஒரு வான்கோழியும்



நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் என்று எண்ணெய்த் தாச்சி அடிக்கடி அடுப்பில் ஏறும் காலம் இது. கொதிக்கும் எண்ணெயைப் பற்றி இந்த மாதம் எழுதுவோம் என்று உட்கார்ந்தபோது எனக்கு ஞாபகத்துக்கு வந்தது வடையும் அல்ல, முறுக்கும் அல்ல. 2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் மகள் வீட்டின் பின்வளவில் முழுதாகப் பொரித்த ஒரு வான்கோழிதான் வந்தது. சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் எவரும் வான்கோழியை முழுதாக எண்ணெயில் போடப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் எண்ணெய் எங்கும் ஒரே எண்ணெய்தான். அன்று நான் படித்த பாடம் எங்கள் தாச்சிக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள். அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863ஆம் ஆண்டில்தான் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் இதை நாடு முழுவதற்குமான நாளாகப் பிரகடனம் செய்தார். அப்போது அது நவம்பரின் கடைசி வியாழனாக இருந்தது. 1941இல்தான் நான்காவது வியாழன் என்று சட்டமானது. அன்றைக்கு எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள். மேசையின் நடுவில் ஒரு முழு வான்கோழி இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அதை வெதுப்பியில் வைத்து மூன்று மணித்தியாலம் வாட்டி எடுப்பார்கள். தென்பகுதியில், முக்கியமாக லூசியானா மாநிலத்தில், வெளியே பெரிய பானை வைத்து எண்ணெயில் முழுதாகப் பொரிக்கும் வழக்கம் உண்டு. கேஜன் என்று அழைக்கப்படும் மக்களின் சமையலாக இது பெயர் பெற்றது. அவர்களின் மூதாதையர் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் பிரெஞ்சு பேசி வாழ்ந்தவர்கள். 1755ஆம் ஆண்டு தொடக்கம் ஆங்கிலேயரால் வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்டு, பல இடம் அலைந்து, ஒரு பகுதியினர் லூசியானாவில் குடியேறினார்கள். இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் மகளின் பக்கத்து வீட்டு அம்மா.

அவரும் இடம்பெயர்ந்தவர்தான். நியூ ஓர்லியன்ஸ் நகரில் பிறந்து வளர்ந்து, 2005 ஓகஸ்டில் வந்த கத்ரீனா சூறாவளியில் வீட்டை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு ஹூஸ்ரனுக்கு வந்தவர். திரும்பிப் போகவில்லை. அவருக்கு என் மொழி தெரியாது. எனக்கு அவருடைய ஆங்கிலம் பாதிதான் விளங்கும். மீதியை மகள் சொல்லித் தருவாள்.

அந்த வருடம் மருமகனுக்கு ஓர் ஆசை வந்தது. "மாமி முதல் தரம் வந்து நிக்கிறா. இந்த முறை நாங்களும் வான்கோழியைப் பொரிப்பம்" என்றார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பெரிய அலுமினியப் பானையையும் மூன்று கால் கேஸ் அடுப்பையும் இரவல் வாங்கினார். கடையில் கச்சான் எண்ணெய் மூன்று பெரிய கலன் வாங்கினார். 12 இறாத்தல், அதாவது ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ நிறையுள்ள வான்கோழியைச் செவ்வாய் இரவு வாங்கி வந்து பிறிஜ்ஜில் வைத்தார். கல்லுப்போல் உறைந்திருந்த கோழி அது.

வியாழன் காலை கோழியைத் தயார் செய்யும் வேலை எனக்கும் மகளுக்கும் வந்தது. அவர்கள் மசாலாவை மேலே பூசுவதோடு விடுவதில்லை. உருக்கிய பட்டரில் உள்ளியும் மிளகாய்த் தூளும் கலந்து, பெரிய ஊசியில் ஏற்றி, இறைச்சிக்குள் ஆழக் குத்தி விடுவார்கள். "கோழிக்கு வருத்தமோ, ஊசி போடுறியள்?" என்று நான் பகிடி விட்டேன். தொடையில் ஊசி இலகுவாக இறங்கியது. நெஞ்சில் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. "இறுக்கிக் குத்துங்கோ அம்மா" என்றாள் மகள். இறுக்கினால் ஊசி வளைந்தது. வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். விரல் விறைத்தது. உள்ளே இன்னும் ஐஸ் இருந்தது.

இந்த இடத்தில் நான் செய்த பிழையை உங்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் ஒன்றும் பேசவில்லை. மருமகன் விடியவே எழும்பிச் சந்தோசமாக ஓடித் திரிகிறார். ஒரு மணிக்கு அவருடைய சிநேகிதர்கள் குடும்பமாக வருகிறார்கள். நான் விருந்தாளி, அதிலும் மாமியார். ஆறு கிழமைக்கு வந்து நிற்கிற நான் குறை பிடித்தால் என்ன நினைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டு கோழியைத் துடைத்தேன்.

பிறகு வெளியே போனேன். வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு எட்டுத் தள்ளிப் புற்தரையில் பானை நின்றது. எண்ணெய் ஊற்றியாயிற்று. பானையின் விளிம்புக்கு நான்கு விரல் இடைவெளிதான் மிச்சம். இதற்குள் இந்தப் பெரிய கோழியும் இறங்க வேண்டும். மருமகன் அடுப்பைப் பற்ற வைக்கக் குனிந்தார். அடுத்த வளவில் அவருடைய நான்கு வயது மகன் பந்து உருட்டிக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்த பிறகு என்னால் வாய் மூடி நிற்க முடியவில்லை.

"தம்பி, ஒரு கதை சொல்லட்டோ? கோழின்ர உள்ளுக்க இன்னும் ஐஸ் கிடக்கு."

"அது பரவாயில்லை மாமி. இந்தச் சூட்டில ஒரு நிமிசத்தில கரைஞ்சிடும்."

"கரையும் தம்பி, கரைஞ்சு எங்க போகும்? வடை சுடேக்க ஒரு துளி தண்ணி விழுந்தாலே முகத்தில தெறிக்குது. இது ஒரு கை ஐஸ். ஒருக்கா அவவைக் கேட்டுப் பாருங்கோவன்."

அவர் ஒரு கணம் யோசித்தார். கோபிக்கவில்லை. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டார். அவர் வந்து கோழியின் வயிற்றுக்குள் கையை விட்டு, தேசிக்காய் அளவு ஐஸ் கட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பானைக்குள் எட்டிப் பார்த்தார். "தண்ணீரால் அளந்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றார் மருமகன். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். சிறு வயதில் ஒரு வீட்டின் கார்க் கொட்டகை இதே மாதிரி எரிந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் 100 பாகை செல்சியஸில் ஆவியாகும். பொரிக்கும் எண்ணெய் 175 பாகையில் இருக்கும். தண்ணீர் எண்ணெயிலும் பாரமானது, அதனால் அடிக்குப் போகும். அங்கே சட்டென்று ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் பெருக்கும். ஒரு கரண்டித் தண்ணீர் இருபது லீற்றருக்கு மேற்பட்ட ஆவியாகும் என்றால் பாருங்கள். அது மேலே இருக்கும் எண்ணெயைத் தூக்கி எறிந்துகொண்டு வெளியே வரும். எண்ணெய் பானையின் விளிம்பால் வழிந்தால் நேரே கீழே எரியும் நெருப்பில் விழும். பிறகு பானை முழுவதும் ஒரு தீப்பந்தம். ஐஸ், கூடுதலான எண்ணெய், கீழே திறந்த நெருப்பு என்று அன்று அந்த மூன்றும் எங்கள் முன்னே தயாராக இருந்தன.

பக்கத்து வீட்டு அம்மா வேலையைத் தன் கையில் எடுத்தார். எண்ணெய் இன்னும் சூடாகாதபடியால் அதைப் புனல் வைத்துத் திரும்பக் கலன்களில் ஊற்றினோம். கோழியைத் தண்ணீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றினோம். இரண்டு மணித்தியாலம் போனது. பிறிஜ்ஜில் வைத்து இளக வைப்பதென்றால் நான்கு ஐந்து இறாத்தலுக்கு ஒரு முழு நாள் வேண்டுமாம். எங்கள் கோழிக்கு மூன்று நாள் தேவைப்பட்டிருக்கும். நாங்கள் கொடுத்தது ஒன்றரை நாள்.

பிறகு அளவு பார்த்தோம். கழுவிய பானைக்குள் கோழியை வைத்து, அது மூடி அதற்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும் வரைக்கும் தண்ணீர் விட்டோம். கோழியை வெளியே எடுத்தோம். தண்ணீர் இறங்கி நின்ற இடத்தில் பானையின் வெளிப்புறம் பென்சிலால் ஒரு கோடு போட்டார் அந்த அம்மா. எண்ணெய் அந்தக் கோடு வரைதான் இருக்கலாம். மருமகன் முன்பு ஊற்றிய அளவு அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் அளவு இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீரைக் கொட்டி, பானையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் ஈரமே இல்லாமல் துடைத்தோம். கோழியையும் உள்ளும் புறமும் கடதாசித் துவாயால் ஒற்றி எடுத்தோம். சின்னவனையும் நாயையும் வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டினோம். மருமகன் நீளக் கைச் சட்டையும் மூடிய சப்பாத்தும் தடித்த கையுறையும் போட்டார்.

அடுப்பு பற்றியபோது "பொக்" என்று ஒரு சத்தமும் அதைத் தொடர்ந்து பெரிய இரைச்சலும் எழுந்தன. அந்தப் பெரிய கேஸ் அடுப்புகள் அப்படித்தான் இரையுமாம். என்னை அறியாமலே நான் இரண்டு எட்டுப் பின்னால் போய், நிலத்தில் குந்திவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்மா வந்து என் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். மகளிடம் ஏதோ சொன்னார். "காத்து பலமா இரைஞ்சா தனக்கும் இப்பிடித்தானாம் அம்மா" என்றாள் மகள். நாங்கள் இருவரும் கையைப் பிடித்தபடியே வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எண்ணெய் 175 பாகைக்கு வந்ததும் மருமகன் முதலில் அடுப்பை அணைத்தார். இது முக்கியம். கோழி இறங்கும் நேரத்தில் கீழே நெருப்பு இருக்கக் கூடாது. எண்ணெய் பொங்கினாலும் பற்றுவதற்கு நெருப்பில்லை. நீண்ட கொளுக்கியில் தொங்கிய கோழியை அங்குலம் அங்குலமாக இறக்கினார். இரண்டு நிமிடம் எடுத்தது. எண்ணெய் இரைந்து நுரைத்து, விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. அது அடங்கிய பின்பே அடுப்பைத் திரும்பப் பற்ற வைத்தார். ஓர் இறாத்தலுக்கு மூன்றரை நிமிடக் கணக்கில் 42 நிமிடம். அவ்வளவு நேரமும் ஒருவரும் பானையை விட்டு விலகவில்லை. வெளியே எடுத்ததும் தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தோம். 74 பாகைக்கு மேல் இருந்தால்தான் கோழி இறைச்சி உள்ளே வெந்தது என்று கணக்கு.

ஒரு மணிக்குச் சாப்பிட வேண்டியவர்கள் நாலரைக்குத்தான் சாப்பிட்டார்கள். ருசியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபிப்பீர்கள். தோல் அப்பளம் போல நொறுங்கியது. உள்ளே இறைச்சி பஞ்சுபோல, சாறு வற்றாமல் இருந்தது. பக்கத்தில் மகள் இடித்த தேங்காய்ச் சம்பலையும் வைத்தோம். அந்த அம்மா சம்பலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

சாப்பிட முன்னர் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்வது அங்கே வழக்கம். மருமகனின் முறை வந்தது. "மாமி வாய் திறந்ததுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. காலையில் ஊசி இறங்காதபோதே தெரிந்ததை, அடுப்புக்குக் கை போகும் வரை சொல்லாமல் நின்றேனே என்று நினைத்துக் கொண்டு கிடந்தேன்.

சகோதரிகளே, இந்தச் சமையலை எவருக்கும் நான் சிபாரிசு செய்யவில்லை. அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்புச் சங்கமே இப்படி வீட்டில் எண்ணெயில் வான்கோழி பொரிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அந்த நாட்டில் வருடத்தில் மிக அதிகமாகச் சமையல் தீ ஏற்படுவதும் அந்த நன்றி நாளில்தான். வெளிநாட்டில் உங்கள் பிள்ளைகளோ சகோதரங்களோ இதைச் செய்யப் போவதாகத் தொலைபேசியில் சொன்னால், "ஐஸ் முழுக்கக் கரைஞ்சுதா, தண்ணியால அளந்தியா" என்று மட்டும் கேளுங்கள்.

இனி எங்கள் அடுப்படிக்கு வருவோம். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் பலர் வடையும் ரோல்ஸும் மிக்சரும் பொரித்து விற்றுத்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறீர்கள். கை வெந்தால் அந்த மாத வருமானமும் வெந்துபோகும். ஆகையால் இவற்றைக் கவனத்தில் வையுங்கள்.

1. தாச்சியில் பாதிக்கு மேல் எண்ணெய் விடாதீர்கள். பொரிக்கும் பொருள் இறங்கும்போது எண்ணெய் உயரும் என்பதை முன்கூட்டியே நினையுங்கள்.

2. தாச்சி, அகப்பை, கை மூன்றும் ஈரமில்லாமல் இருக்கட்டும். கழுவிய மிளகாய், கறிவேப்பிலை, மீன் எதுவானாலும் துடைத்த பின்பே போடுங்கள். பிறீசரில் இருந்து எடுத்ததை அப்படியே போட வேண்டாம்.

3. எண்ணெய் புகைந்தால் அது எச்சரிக்கை. உடனே நெருப்பைக் குறையுங்கள். ஊரில் ஆட்டி எடுக்கும் தேங்காய் எண்ணெய் சுமார் 175 பாகையிலேயே புகையத் தொடங்கிவிடும்.

4. எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நெருப்பை நிறுத்தி, பெரிய உலோக மூடியைப் பக்கவாட்டால் நகர்த்தி மூடுங்கள். ஆறும் வரை திறக்காதீர்கள், தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். உங்கள் கையில் அடங்காது என்று கண்டால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

5. நைலோன் நைற்றியும் தொங்கும் சேலைத் தலைப்பும் அடுப்பருகே வேண்டாம். பிள்ளைகள் மூன்று எட்டுத் தள்ளி நிற்கட்டும்.

6. காயம் பட்டு உணர்ச்சி குறைந்த கையோ காலோ உள்ளவர்கள், சூடு பட்டது தெரியாமலே வெந்துபோகலாம். அந்தப் பக்கத்தை அடுப்புக்கு எதிர்ப்புறம் வைத்து வேலை செய்யுங்கள். ஒரு கையால் சமைப்பவர்கள் தாச்சி ஆடாமல் அடுப்பில் இறுகி நிற்கிறதா என்று பார்த்த பின்பே எண்ணெய் விடுங்கள்.

எண்ணெய் பட்டு வெந்துவிட்டால், உடனே காப்பு, மோதிரத்தைக் கழற்றி, 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். குழாய் இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீரைக் கோப்பையால் விடாமல் ஊற்றலாம். ஐஸ், பற்பசை, நெய், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கை, மூட்டு வெந்தாலும், உள்ளங்கையிலும் பெரிதாக வெந்தாலும், பிள்ளைகளுக்கு என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

எங்களால் தடுக்க முடியாத நெருப்பை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். அடுப்படி நெருப்பு அப்படியானதல்ல. அதைத் தடுக்கலாம். ஒரு துணியும் ஒரு பென்சில் கோடும் போதும். அதோடு, பிழை என்று கண்டதை யாருடைய வீடு என்று பாராமல் அந்த நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். என்னைப் போல அரை நாள் தாமதிக்க வேண்டாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.